பெருக்கல் சார் கட்டிய படகு

எங்கள் ஆலையின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. பட்டறைக்குள் எல்லோருக்கும் அவர் பெருக்கல் சார்தான். தரப் பரிசோதகர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிவப்புச் சாக்குக்கட்டி இருக்கும். நாங்கள் லேத்தில் கடைந்து தட்டில் அடுக்கி வைத்த பித்தளை வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, நகத்தால் சுரண்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்தது மறுபடி உலைக்குப் போய்விடும். அதைப் போடும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும் பாருங்கள், வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவன் முகத்தில்கூட அப்படித் தெரியாது.

இருபத்திரண்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவன் நான். அவரை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஒருமுறை நான் கடைந்த ஒரு தட்டு வால்வு முழுவதையும் ஒதுக்கினார். உள்பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல்.

"சார், இது குழாய்க்குள்ள போற பக்கம். யார் பாக்கப் போறா?" என்றேன்.

"நான் பாத்துட்டேனே" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு ஆணியைக்கூட நேராக அடித்தவர் இல்லை. அதனால்தான் அவருக்கு எல்லோருடைய ஆணியும் கோணலாகத் தெரிந்தது. எதையும் செய்யாதவருக்குத் தப்பு நேர வழியே இல்லையே!

வீட்டிலும் அதே கதைதான். படுக்கையறைக் கதவைத் தச்சரிடம் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் அந்த வாசலில் போர்வைதான் தொங்கியது. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், ஒரு குஷன் கடையில் வேலை பார்த்தார். சோபா, கார் சீட், ஆஸ்பத்திரி பெஞ்சு என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் ரெக்ஸின் இழுத்து உறை போட்டுக் கொடுப்பார். அந்தத் தெருவில் அந்தக் கடைக்குக் கூட்டம் வந்ததே அக்காவின் கைக்காகத்தான். பெருக்கல் சார் அதை ஒரு வேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. "துணியை இழுத்து ஆணி அடிக்கிறது. அதுல என்ன அளவு இருக்கு?" என்பார். அக்கா பதில் சொல்ல மாட்டார். வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் ஆலையில் எல்லோருமாக ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பல் டாக்டர் தன் கார் கூரையிலிருந்து ஒரு படகை இறக்கிக்கொண்டிருந்தார். கயாக் என்று சொல்வார்களே, ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான படகு, அது. விரல் அகலத்துக்கு மெல்லிய மர ரீப்பர்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கண்ணாடிபோல இறுகுகிற ரெசின் பூசி, அவரே கட்டியதாம். வெயிலில் தேன் பாட்டில் மாதிரி மின்னியது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பெருக்கல் சார் மட்டும் குனிந்து, படகின் அடிப்பாதியும் மேல்மூடியும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து முனையிலிருந்து முனைவரை இழுத்துக்கொண்டே போனார்.

"இந்த இணைப்பு சரியில்லையே டாக்டர். கோடு நெளியுது. இங்க பாருங்க, மேல்மூடி ஒரு மயிரிழை தூக்கி நிக்குது."

பல் டாக்டர் கோபப்படவில்லை. எத்தனை பேர் வாயைப் பார்த்தவர்! "ஆமாம் சார், அதுதான் இதுல கஷ்டமான இடம். நீங்களே ஒண்ணு கட்டிப் பாருங்களேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

யாராக இருந்தாலும் அதைச் சிரித்து விட்டிருப்பார்கள். பெருக்கல் சார் ரோஷக்காரர். ஓய்வு பெற்ற மறுவாரமே மரம் வந்து இறங்கியது.

வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது. கார் கிடையாது, அக்காவின் ஸ்கூட்டர்தான் அங்கே நிற்கும். ஸ்கூட்டர் வெளியே வந்தது, மழையில் நனைந்தது, ஷெட்டுக்குள் நீளமான பலகை மேடை ஒன்று எழுந்தது. படகின் குறுக்குவெட்டு வடிவத்தில் பதினாறு அச்சுப்பலகைகளை வெட்டி அதன் மேல் வரிசையாக நிறுத்தினார். அந்த அச்சுகளின் மேல்தான் ரீப்பர்களை வளைத்து ஒட்ட வேண்டும். முதலில் அடிப்பாதி, பிறகு மேல்மூடி. இரண்டையும் தனித்தனியாகக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் கண்ணாடியிழைத் துணி போட்டு ரெசின் பூசி, கடைசியில் ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்து ஒட்டினால் படகு. சொல்லுவதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

வந்த ரீப்பர்களில் மூன்றில் ஒரு பங்கை அவர் ஒதுக்கினார். பழக்கம் விடுமா? மிச்சத்தை ஒவ்வொன்றாக வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து எண் போட்டார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவேன். எங்கள் ஆலையின் பழைய ஸ்டோர்க்காரரும் வருவார். நாங்கள் போனது பாசத்தில் அல்ல. அவர் கையில் பசை ஒட்டிக்கொள்வதைப் பார்க்க எங்களுக்கு ஆசை. ஆனால் நியாயமாகச் சொன்னால் அடிப்பாதி நன்றாகவே வந்தது. ஆறு மாதம் எடுத்துக்கொண்டார், ஆனால் ஒரு ரீப்பருக்கும் அடுத்த ரீப்பருக்கும் நடுவில் வெளிச்சம் நுழையவில்லை. எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை.

அவரைக் கெடுத்தது அந்த அழகுதான். அடிப்பாதியை அச்சிலிருந்து கழற்றி ரெசின் பூசி முடித்ததும், மேல்மூடி வேலை முடிகிறவரை அதை அச்சுப்பலகைகளோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். படகு கட்ட அவர் வாங்கிய புத்தகத்திலேயே படம் போட்டுச் சொல்லியிருந்தது. ஆனால் அச்சுப்பலகைகள் உள்ளே இருந்தால் பார்க்க வருகிறவர்களுக்கு உள்பக்கம் தெரியாதே! அதனால் இரண்டு முக்காலிகளின் மேல் அதை மல்லாத்தி வைத்து, நாலு மாதம் கண்காட்சி நடத்தினார். பால்காரர் பார்த்தார், மீட்டர் பார்க்க வந்தவர் பார்த்தார், எதிர்வீட்டில் ஜுரத்துக்கு ஊசி போட வந்த நர்ஸ்கூடப் பார்த்தார். எல்லோரிடமும், "நகத்தை வச்சுப் பாருங்க, தட்டுதா?" என்று கேட்பார். பாவம், அந்த நர்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தை வைத்தார்.

அந்த முக்காலிகளில் ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. நாலு மாதமும் மழைக்காலம். மரம் ஈரத்தை வாங்கியது, முக்காலி சாய்ந்தது, அடிப்பாதி சத்தமில்லாமல் முறுக்கிக்கொண்டது. வால்வில் தலைமுடி கீறலைக் கண்டுபிடித்தவருக்கு, கண்ணெதிரே பதினாறு அடி நீளத்துக்குக் கிடந்த முறுக்கல் தெரியவில்லை. தன் வேலையைப் பார்க்கும்போது அவர் ஒரு கண்ணை மூடவில்லை, இரண்டையுமே மூடிக்கொண்டுவிட்டார் என்று ஸ்டோர்க்காரர் சொன்னார்.

மேல்மூடியும் தயாரானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். உதவிக்கு வா என்று கூப்பிட்டால் கௌரவம் குறைந்துவிடுமே! "இன்னிக்கு ரெண்டையும் சேக்கறேன். வந்து பாருங்க. வேலைன்னா என்னன்னு தெரியும்" என்றார் போனில்.

போனோம். ஷெட் தரையைக் கூட்டி, துடைத்து, ஒரு மேஜையில் டேப், கத்தரி, ரெசின் டப்பா, அதை இறுக வைக்கிற ஹார்டனர், கையுறை எல்லாவற்றையும் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பரப்பி வைத்திருந்தார். அடிப்பாதி முக்காலிகளின் மேல் கிடந்தது. மேல்மூடியை நானும் ஸ்டோர்க்காரரும் ஆளுக்கொரு முனையில் தூக்கி, அவர் "மெதுவா, மெதுவா, இன்னும் ஒரு நூல் அந்தப் பக்கம்" என்று கத்தக் கத்த, அதன் மேல் வைத்தோம்.

உட்காரவில்லை.

நடுவில் அடிப்பாதி இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே பிதுங்கி நின்றது. முன்முனையில் வலது பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. இடது பக்கம் அடிப்பாதியின் விளிம்பு மூடியை முட்டித் தூக்கிக்கொண்டு நின்றது. பாத்திரம் ஒரு கடையிலும் மூடி ஒரு கடையிலும் வாங்கின மாதிரி இருந்தது.

பெருக்கல் சார் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ தூக்கின பக்கம்தான் சரியில்ல."

"சார், நான் இப்பதான் வந்தேன். தூக்கினது ஒரு நிமிஷம்."

"அப்ப மரம் சரியில்ல. ஈர மரத்தக் குடுத்து ஏமாத்திட்டான்."

மரம், மழை, புத்தகம் எழுதினவர், அச்சு வெட்ட வாங்கிய பிளைவுட் என்று வரிசையாகக் குற்றவாளிகள் வந்தார்கள். முக்காலி மட்டும் வரவில்லை. ஸ்டோர்க்காரர்தான் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஒரு கால் குட்டையா இருக்கே" என்றார் வெகு பணிவாக. அவரும் முப்பது வருஷம் காத்திருந்தவர்.

பெருக்கல் சார் அதைக் காதில் வாங்காத மாதிரி இழைப்புளியை எடுத்தார். முன்முனையில் இடது பக்கம் முட்டிக்கொண்டிருந்த விளிம்பை ஒரு கை நீளத்துக்குச் சர் சர்ரென்று சீவினார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. இன்னும் நாலு தடவை சீவியிருந்தால் படகு விறகாகியிருக்கும். அதற்குள் அக்கா தேநீர்த் தட்டோடு ஷெட் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏங்க, எதுக்கு அதச் செதுக்கறீங்க?"

"முட்டுது. நீ போ."

"முட்டினா செதுக்குவாங்களா? அது முறுக்கிக்கிட்டு நிக்குது. முறுக்க எடுத்துட்டா தானா இறங்கிடும். செதுக்கினது திரும்ப வருமா?"

"உனக்கென்ன தெரியும் இதப் பத்தி?"

அக்கா தட்டை என் கையில் கொடுத்தார். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நடுவில் பிதுங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போயிற்று, கையை எடுத்ததும் வெளியே வந்தது.

"தினமும் எங்கிட்ட வர்ற சோபா எல்லாம் இப்படித்தான். உறை ஒரு அளவு, கட்டை ஒரு அளவு. ரெண்டு ஓரத்துலேருந்து ஆரம்பிச்சா நடுவுல தூக்கும். நடுவுலேருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா போகணும். இழுத்துப் பிடிச்சிக்கிட்டே போகணும். தம்பி, அந்த டீயக் குடிச்சிட்டு இப்படி வாங்க."

நான் டீயைக் குடிக்காமலே போனேன். இப்படி ஒரு காட்சியைத் தவறவிடுவேனா?

அக்கா வீட்டுக்குள் போய், சோபாவுக்கு அடியில் பின்னுகிற அகல நாடாச் சுருள்களையும் இறுக்குகிற பக்கிள்களையும் கொண்டுவந்தார். நடுவில் படகைச் சுற்றி முதல் நாடா. பக்கிளை இழுக்க இழுக்க, பிதுங்கியிருந்த அடிப்பாதி முனகிக்கொண்டே உள்ளே வந்து மூடிக்குக் கீழே உட்கார்ந்தது. அந்த இடத்தில் டேப்பைக் குறுக்கே ஒட்டினார். அங்கிருந்து இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். எங்காவது அடிப்பாதி அளவுக்கு மீறி உள்ளே போனால், மேல்மூடியில் ஆள் உட்காருவதற்கு விட்டிருந்த வாய் வழியாகக் கையை விட்டு ஒரு குச்சியைக் குறுக்கே முட்டுக் கொடுத்தார். முன்முனை வந்ததும் என்னை அதைப் பிடித்து வலது பக்கம் திருகச் சொன்னார். ஸ்டோர்க்காரர் பின்முனையை இடது பக்கம் திருகினார். ஈரத் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிகிற மாதிரி நின்றோம்.

"விட்றாதீங்க தம்பி. மூச்ச வேணா விடுங்க, அத விடாதீங்க."

மூன்று ஆண்களையும் அவர் அப்படி ஆட்டி வைத்தார். எங்களில் மூன்றாவது ஆள் டேப்பைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவாக அளந்து கத்தரித்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் அது படகாகிவிட்டது. சுற்றிலும் நாடாவும் டேப்புமாக, விபத்தில் அடிபட்டுக் கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருந்தாலும், படகுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இணைப்பு மூடவில்லை. முன்முனையில் இடது பக்கம், ஒரு கை நீளத்துக்கு, தீக்குச்சி நுழைகிற அளவுக்கு இடைவெளி. இழைப்புளி போன இடம். அக்கா அதைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் பெண்டாட்டியாக இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும்.

அக்கா உள்ளே போனதும் பெருக்கல் சாருக்கு மிடுக்கு திரும்பியது. இனிமேல் ரெசின் வேலை. படகை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டு, உள்பக்க இணைப்பின் மேல் நீளமான கண்ணாடியிழை நாடாவை ரெசினில் நனைத்து முனைவரை ஒட்ட வேண்டும். கை எட்டாது என்பதால் திரைச்சீலைக் கம்பியின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி ஒரு கருவி செய்திருந்தார். அது உருப்படியான கருவிதான்.

ஆனால் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருந்தது. அவர் கேட்கவில்லை. "சின்ன அளவுல கலந்தா விகிதம் தப்பும். மொத்தமா கலந்தாதான் துல்லியம்" என்று, ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய ரெசினையும் ஹார்டனரையும் எடை போட்டு ஊற்றிக் கலக்கினார். எடை துல்லியமாகத்தான் இருந்தது. அது துல்லியமாகச் சூடானது. இரண்டு முழம் நாடா ஒட்டுவதற்குள் வாளியிலிருந்து புகை வந்தது. ஸ்டோர்க்காரர் "ஐயோ சார்!" என்று வாசலுக்கு ஓடினார். பெருக்கல் சார் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். அது அடி உருகி, வழியெல்லாம் சொட்டி, ஸ்கூட்டர் பக்கத்தில் பெரிய தேன்கட்டி மாதிரி இறுகி உட்கார்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கடப்பாரைக்கும் அசையவில்லை.

மறுபடி சின்னக் கிண்ணத்தில் கலந்து வலது பக்கத்தை முடித்தார். அது இறுகிய பிறகு மறுநாள் இடது பக்கம். எனக்கு மறுநாள் மாலை ஷிஃப்ட். காலையிலேயே போய் நின்றுவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு வேலை ஒழுங்காகவே நடந்தது. இடைவெளி இருந்த இடத்தை மரத்தூளும் ரெசினும் குழைத்த களிம்பால் அடைத்தார். நாடாவைக் கம்பி பிரஷ்ஷால் முனைவரை தள்ளி ஒட்டினார். அதோடு விட்டிருந்தால் மரியாதையாக முடிந்திருக்கும். ஆனால் பரிசோதகர் பரிசோதிக்காமல் இருப்பாரா? டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"ஒரு குமிழ் இருக்கு. முனையில."

"சின்னதுதானே சார். உள்ளதானே. யார் பாக்கப் போறா?" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவருக்கு நினைவிருந்ததோ இல்லையோ, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆள் உட்காரும் வாய் வழியாகத் தலையை நுழைத்தார். அப்புறம் தோள். அப்புறம் இடுப்பு. கொஞ்ச நேரத்தில் வெளியே இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. உள்ளே எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"யோவ்... தல ஒட்டிக்கிச்சு."

அறுபது வயதிலும் முடிக்குச் சாயம் பூசி, எண்ணெய் வைத்து, கொத்தாக மேலே தூக்கி வாருகிறவர். அந்தக் கொத்து அப்படியே ஈர நாடாவில் பதிந்துவிட்டது. நான் காலைப் பிடித்து இழுத்தேன். உள்ளே அலறினார். இழுப்பதை நிறுத்தினேன், கொஞ்சம் தாமதமாகத்தான் நிறுத்தினேன். அக்காவுக்குக் குரல் கொடுத்தேன்.

அக்கா வந்து, வெளியே தெரிந்த கால்களைப் பார்த்தார். அவர் வாய் கோணியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குஷன் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துவந்தார். புருஷனின் முதுகோடு முதுகாகக் கையை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே போனார்.

"அசையாதீங்க. இது காதா?"

"காதுதான்! காது!"

"சரி, அத விட்டுட்டேன்."

நறுக் நறுக்கென்று நாலு தடவை கேட்டது. பெருக்கல் சார் வெளியே வந்தபோது தலையின் முன்பக்கம் எலி கடித்த பாய் மாதிரி இருந்தது. கையில் ரெசின், சட்டையில் ரெசின், ஒரு புருவத்திலும் ரெசின். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு துணியில் வினிகரை நனைத்து அவர் கையைத் துடைத்துவிடத் தொடங்கினார்.

"செய்றது வேற, பாக்குறது வேறதான் போல" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கிடைத்ததும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குத்தலாக நாலு வார்த்தை கைவசம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் எலி கடித்த தலையோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவை வாய்க்கு வரவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த இரக்கத்துக்காக என்னை நானே பிற்பாடு பல தடவை திட்டிக்கொண்டேன். ஏனென்றால் மனிதர் இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டார்.

டேப்பையெல்லாம் பிரித்து வெளிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பார்த்தேன். வலது பக்க இணைப்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அக்காவின் நாடா பிடித்த கோடு. இடது பக்கம் முன்முனையில் களிம்பு அடைத்த இடம் காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்து, தழும்பு மாதிரி ஒரு கை நீளத்துக்குக் கிடந்தது. தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. இன்னும் தேய்த்தார், பக்கத்தில் இருந்த நல்ல இடமும் வெளுத்தது. அடுத்த ஞாயிறு போனபோது இணைப்பைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பட்டை ஒன்று ஓடியது. தழும்பும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை.

"என்ன சார் இது, பட்டை?"

"டிசைன்" என்றார். கண் இமைக்கவில்லை.

எங்கள் பட்டறையில் எவனாவது கீறலுக்கு மேல் பெயின்ட் பூசிக் கொண்டுவந்திருந்தால் அவனை வேலையை விட்டே துரத்தியிருப்பார். பூசி மெழுகுவதில்கூட அவர் நேர்த்தி தனிதான். பட்டை முழுவதும் ஒரே அகலம். அளந்திருப்பார்.

ஏரியில் இறக்கிய அன்று அவர்தான் முதலில் உட்கார்ந்தார். படகு மிதந்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நேராகப் போகவில்லை. முறுக்கல் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும், நாலு துடுப்புப் போட்டதும் இடது பக்கம் வளைந்தது. அவர் நேராக்கினார், அது வளைந்தது. ஏரி நடுவுக்குப் போக வேண்டியவர் அரைவட்டம் அடித்துப் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தார்.

"காத்து" என்றார் இறங்கியதும். கரையில் ஒரு புல்கூட அசையவில்லை.

பிறகு அக்கா உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கொஞ்ச தூரம் போனதும் படகின் குணம் அவருக்குப் புரிந்துவிட்டது. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று என்று துடுப்புப் போட்டுக்கொண்டு, நேர்கோட்டில் எதிர்க்கரைவரை போய்த் திரும்பிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா இருக்குங்க. தண்ணி மேல யாரும் நம்மளக் கூப்பிட முடியாதுல்ல" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் போகிறார். பல் டாக்டருக்கும் அவருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது, இரண்டு படகும் சேர்ந்தே போகின்றன. பெருக்கல் சார் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பேருடைய துடுப்பிலும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்பதால் பக்கத்தில் உட்காருகிற என்னிடம் சொல்வார்.

போன மாதம் அக்கா கரைக்கு வந்து, "தம்பி, நீங்களும் ஒரு தடவ போய்ட்டு வாங்களேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஆள் கட்டியதில் நான் உட்காருவதா என்று ஒரு பக்கம் இருந்தது. அவரால் நேராக விட முடியாததை நான் விட்டுக் காட்டினால் எப்படி இருக்கும் என்று இன்னொரு பக்கம் ஆசை. ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது துடுப்பில் படகு என்னைப் பக்கவாட்டில் கொட்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் விழும்போது வாயைத் திறந்துகொண்டு விழுந்தேன்.

எழுந்து நின்று கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பெருக்கல் சார் கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஆலையில் ஒரு நாளும் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிவந்து, படகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கை கொடுத்தார்.

"இடது பக்கம் சாயாதேன்னு சொன்னேன்ல?" என்றார்.

அவர் சொல்லவே இல்லை.